போலந்து–உக்ரைன் வரலாற்றுத் தகராறு: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் ஜூலை 11 நெருங்கினால் போலந்துக்கும் உக்ரைனுக்கும் இடையே வார்த்தை தடித்துவிடுகிறது. 2022இல் ரஷ்யா படையெடுத்தபோது லட்சக்கணக்கான உக்ரேனியர்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட நாடு போலந்து. அதே போலந்துதான் 1943இல், இன்றைய வடமேற்கு உக்ரைனில் உள்ள வோலின் பகுதியில் கொல்லப்பட்ட தன் மக்களுக்காக இன்றும் உக்ரைனிடம் பதில் கேட்கிறது. இதைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனாலும் சில இடங்களில் சறுக்கிவிடுகிறார்கள்.

முதலாவதும் மோசமானதும் "போர்க்காலம், ரெண்டு பக்கமும் கொன்றார்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது. அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. 1943 ஜூலை 11 ஞாயிற்றுக்கிழமை. தனி உக்ரைன் நாட்டுக்காக ஆயுதம் ஏந்திய உக்ரேனியக் கிளர்ச்சிப் படை, அதாவது யுபிஏ, அப்போது ஜெர்மானியர் பிடியில் இருந்த வோலினில் சுமார் நூறு ஊர்களை ஒரே வீச்சில் தாக்கியது. போரிக், கிசெலின் போன்ற ஊர்களில் தேவாலயத்தில் பூசை நடக்கும் நேரம் பார்த்துச் சுற்றி வளைத்தார்கள். கிசெலினில் பங்குச் சாமியார் வீட்டு மாடிக்கு ஓடிய சிலர் உள்ளேயிருந்து கதவை அடைத்துக்கொண்டு, செங்கல்லை வீசியே மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். அவர்களிடம் வேறு ஆயுதம் இல்லை. தேவாலயத்தை விட்டு வெளியே வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு நாள் வெறியாட்டம் என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. பிப்ரவரியில் பரோஸ்லா கிராமத்தில் தொடங்கிய கொலைகள் பின்னர் லிவிவ் நகரைச் சுற்றியுள்ள கிழக்கு கலீசியாவுக்கும் பரவி, 1945 வரை நீண்டன. வோலினில் மட்டும் 50,000 முதல் 60,000 போலந்துக்காரர்கள், கலீசியாவையும் சேர்த்தால் ஒரு லட்சம் வரை இறந்திருக்கலாம் என்பது போலந்து வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. ஒரு மாகாணத்தையே போலந்துக்காரர் இல்லாத இடமாக்கும் நோக்கம் அதில் இருந்தது.

அதற்காகப் போலந்துத் தரப்பு கை கறைபடாதது என்றும் எழுதிவிடக் கூடாது. 1944 மார்ச்சில் சாஹ்ரின் கிராமத்தில், ஜெர்மானியரை எதிர்த்து ரகசியமாக இயங்கிய போலந்தின் உள்நாட்டுப் படையினர் நூற்றுக்கணக்கான உக்ரேனியர்களைக் கொன்றார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் கிராமத்து ஜனங்கள். 1945 மார்ச்சில் பாவ்லோகோமாவிலும் அதுவே நடந்தது. மொத்தத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உக்ரேனியர்கள் இப்படி இறந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு கணக்கையும் சொல்லுங்கள், ஒன்றை வைத்து மற்றதை அடிக்காதீர்கள். சாஹ்ரினில் செத்த குழந்தைக்கு போரிக்கில் நடந்தது சமாதானம் ஆகாது.

சரி, 1943க்கு முன்னால் எதுவுமே நடக்கவில்லையா? நடந்தது, நிறையவே நடந்தது. 1918–19இல் லிவிவ் நகருக்காக இரு தரப்பும் போரிட்டன, உக்ரேனியர்கள் தோற்றார்கள். அதன்பின் போலந்து ஆட்சிக்குள் வந்த வோலினில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் உக்ரேனியர், ஆறில் ஒரு பங்குதான் போலந்துக்காரர். ஆனாலும் ஆட்சி வார்சாவின் கையில். முன்னாள் போலந்து ராணுவ வீரர்களைக் கொண்டுவந்து நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். 1930இல் கலீசியாவில் போலீசும் ராணுவமும் கிராமங்களுக்குள் புகுந்து உக்ரேனியர்களின் வாசகசாலைகளையும் கூட்டுறவுக் கடைகளையும் அடித்து நொறுக்கின. 1938இல் கிழக்குப் போலந்தின் ஹெல்ம் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களை அரசே இடித்தது. இவற்றைச் சொல்லாமல் கதையை 1943இல் தொடங்கினால், உக்ரேனியர் திடீரென்று ஒரு நாள் காலை மிருகமாகிவிட்டார்கள் என்றாகிவிடும். ஆனால் இந்தப் பட்டியலை முழுக்கச் சொல்லிவிட்டு "அதனால்தான்" என்று முடிப்பதும் தவறு. கோபத்துக்குக் காரணம் இருந்தது. கொல்லும் முடிவை எடுத்தவர்கள் குறிப்பிட்ட சில மனிதர்கள். வோலினில் அந்த முடிவின் மையத்தில் இருந்தவர் அங்கே யுபிஏ தளபதியாக இருந்த டிமிட்ரோ கிளாச்கிவ்ஸ்கி.

இங்கே உக்ரேனியத் தேசியவாதத் தலைவர் ஸ்டெபான் பண்டேராவை இழுத்து, "படுகொலைக்கு உத்தரவிட்டவர்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. 1943இல் அவர் ஜெர்மானியர்களின் சாக்சன்ஹவுசன் முகாமில் கைதி. அப்புறம் இதையே பிடித்துக்கொண்டு "அவருக்குச் சம்பந்தமே இல்லை" என்பவர்களும் உண்டு. யுபிஏவை நடத்தியது அவர் பெயரால் அறியப்பட்ட அமைப்பு. வேற்றினத்தார் இல்லாத நாடு என்ற கொள்கை அதனுடையது. கையெழுத்து அவருடையது இல்லை என்பதால் அந்தக் கொள்கையின் பொறுப்பு அவரை விட்டு இறங்கிவிடாது.

"எல்லாம் ஜெர்மானியர் மூட்டிய தீ" என்பது இன்னொரு சுலபமான பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஜெர்மன் ஆட்சியின் கீழ் துணைப் போலீசாக இருந்த உக்ரேனியர்கள் 1942இல் வோலின் யூதர்களைக் கொன்றொழிப்பதில் பங்கெடுத்தார்கள். 1943 வசந்தத்தில் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய் யுபிஏவில் சேர்ந்தார்கள். காலியான இடத்துக்கு ஜெர்மானியர் போலந்துக்காரர்களைச் சேர்த்தார்கள். ஊரை வளைத்து எல்லோரையும் கொல்வது எப்படி என்று அந்த உக்ரேனியர்கள் பயின்றது ஜெர்மானியரிடம்தான். ஆனால் 1943 ஜூலையில் எந்த ஊர், எந்த நேரம் என்று முடிவு செய்தவர்கள் ஜெர்மானியர் இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. யுபிஏ என்றதும் போலந்தில் ஒரு வயதான அம்மாவுக்கு ஞாபகம் வருவது 1943. லிவிவ் பக்கத்து உக்ரேனியக் குடும்பத்துக்கு ஞாபகம் வருவது 1944க்குப் பிறகு சோவியத் படையோடு காட்டில் ஆண்டுக்கணக்கில் நடந்த சண்டையும், சைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட உறவினர்களும். மேற்கு உக்ரைனிலிருந்து அப்படி நாடுகடத்தப்பட்டவர்கள் இரண்டு லட்சம் பேர். அதனால் அங்கே யுபிஏவின் சிவப்பு–கறுப்புக் கொடி பிடிப்பவரெல்லாம் வோலினைக் கொண்டாடுகிறார் என்று எண்ணிவிட வேண்டாம். அதே சமயம், போலந்துக்காரருக்கு அந்தக் கொடி ஏன் வலிக்கிறது என்று தெரியாதது போல இருப்பதும் சரியில்லை. 2015 ஏப்ரலில் போலந்து அதிபர் கொமரோவ்ஸ்கி கீவ் நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு இறங்கிய அதே நாளில், யுபிஏவினரைச் சுதந்திரப் போராளிகளாக அங்கீகரிக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. மறு ஆண்டு போலந்து நாடாளுமன்றம் வோலின் கொலைகளை இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது.

1947இன் விஸ்துலா நடவடிக்கையை வோலினுக்குப் பழிவாங்கல் என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ஆனால் அதில் சிக்கியவர்கள் வோலின்வாசிகள் இல்லை. தென்கிழக்குப் போலந்திலிருந்து சுமார் 1,40,000 உக்ரேனியர்களையும், அந்தப் பகுதியின் மலைவாழ் மக்களான லெம்கோக்களையும் வேரோடு பிடுங்கி வடக்கிலும் மேற்கிலும் சிதறடித்தது கம்யூனிஸ்ட் அரசு. பல ஆயிரம் பேரை யாவோஜ்னோ முகாமில் அடைத்தது. 1990இல் போலந்து செனட் அதைக் கண்டித்தது.

ரஷ்யா இந்தக் காயத்தைக் கிளறிக் குளிர்காய்கிறது என்பது நிஜம். அதற்காக, கொல்லப்பட்ட உறவினரின் புதைகுழி எங்கே என்று கேட்கும் குடும்பங்களை மாஸ்கோவின் ஆட்கள் என்பது அநியாயம். கம்யூனிஸ்ட் போலந்தில் வோலினைப் பற்றி அந்தக் குடும்பங்களால் வெளிப்படையாகப் பேசக்கூட முடிந்ததில்லை.

தலைவர்கள் கை குலுக்கியதும் விவகாரம் முடிந்தது என்று செய்தி போடுவதும் தவறு. 2003இல் அன்றைய போலந்து அதிபர் குவாஷ்னியெவ்ஸ்கியும் உக்ரைன் அதிபர் குச்மாவும் போரிக்கில் நின்றார்கள். 2016இல் அன்றைய உக்ரைன் அதிபர் போரோஷென்கோ வார்சாவில் வோலின் நினைவிடத்தில் மண்டியிட்டார். 2023இல் அன்றைய போலந்து அதிபர் டூடாவும் உக்ரைன் அதிபர் செலென்ஸ்கியும் வோலினின் லுட்ஸ்க் பேராலயத்தில் ஒன்றாக விளக்கேற்றினார்கள். இதற்கு நடுவே, 2017இல் போலந்தின் ஹ்ருஷோவிட்சே ஊரில் யுபிஏ நினைவுச்சின்னம் இடிக்கப்பட, கொல்லப்பட்ட போலந்துக்காரர்களின் எலும்புகளைத் தன் மண்ணில் தோண்டியெடுக்கும் அனுமதியையே உக்ரைன் நிறுத்தி வைத்தது. அந்தப் பூட்டு 2024 நவம்பரில்தான் தளர்ந்தது. 2025 வசந்தத்தில் தெர்னோபில் பகுதியின் புஷ்னிகியில் தோண்டினார்கள். 1945 பிப்ரவரியில் யுபிஏ அழித்த ஊர் அது. குறைந்தது 42 பேரின் எச்சங்கள் கிடைத்தன, செப்டம்பரில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். உக்ரைன் தரப்பின் கோரிக்கையும் நிலுவையில் இருந்தது: போலந்தில் மொனாஸ்டிர் குன்றின்மேல், சோவியத் படையோடு மோதிச் செத்த யுபிஏவினரின் கல்லறைப் பலகையை யாரோ உடைத்தார்கள், அரசு புதுப்பித்தபோது அதில் இறந்தவர்களின் பெயர்களை விட்டுவிட்டது. பேச்சுவார்த்தை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் மேடைப் பேச்சை விட்டுவிட்டு, எந்த ஊருக்குத் தோண்ட அனுமதி வந்தது, எந்தப் பலகையில் யார் பெயர் திரும்ப ஏறியது என்று பாருங்கள்.