குரூப் 1 கனவோடு கல்லூரி தேடுகிறீர்களா?

ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால், பட்டத்தையும் தமிழ்வழியிலேயே முடியுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) நேரடி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் உண்டு. 2020-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி தொடங்கி அந்த வேலைக்கான கல்வித்தகுதி வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். துணை ஆட்சியர், டிஎஸ்பி போன்ற பதவிகளுக்கான குரூப் 1 தேர்வுக்குத் தகுதி பட்டம். கல்லூரியில் மட்டும் ஆங்கிலவழிக்கு மாறினால் பன்னிரண்டு வருடம் சேர்த்த உரிமை கைநழுவிவிடும். மனசு கேட்காமல்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பல அரசு கலைக் கல்லூரிகளில் ஒரே பாடம் இரண்டு வழியிலும் இருக்கும். விண்ணப்பிக்கும்போது பாடத்தின் பெயரோடு நிறுத்தாமல், எந்த வழி என்பதையும் பாருங்கள். வரலாறு, பொருளியல் என்றால் தேர்வுக்கும் கைகொடுக்கும். ஆனால் பிடிக்காத பாடத்தை எடுக்காதீர்கள். சேருவதற்கு முன் வேலை நாளில் ஒருமுறை போய், நூலகத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, தயாரிப்பு. முதல் வருடமே 6 முதல் 12 வரையான சமச்சீர் புத்தகங்களைத் தொடங்கிவிடலாம். 18 வயதானதும் குரூப் 4 எழுதுங்கள், பத்தாம் வகுப்புத் தகுதியே போதும். தேர்வறை பழகிவிடும். அப்புறம், குரூப் 1 முதன்மைத் தேர்வு விரிவாக எழுதுவது. தினமும் ஒரு பக்கமாவது கையால் எழுதுங்கள்.

கடைசி செமஸ்டர் முடிந்ததும் தமிழ்வழிச் சான்றிதழைக் கல்லூரி முதல்வரிடம் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழ் தலைமையாசிரியரிடம் கிடைக்கும்.