ஸ்விட்ச்சில் பிரேக் போட்டீர்களா?

பெங்களூருவில் வேலை தேடி வந்து, பி.ஜி. அறையில் உட்கார்ந்து இன்டர்வியூவுக்கு சி மொழியைத் தூசி தட்டும் தம்பி தங்கைகளே, இஃப், ஃபார் எல்லாம் ஒரு மாலையில் ஞாபகம் வந்துவிடும். ஸ்விட்ச்சில்தான், அதாவது ஒரு மதிப்பைப் பார்த்து அதற்குப் பொருந்தும் கேஸுக்குத் தாவும் கட்டளையில்தான், வசமாக மாட்டுவீர்கள்.

நம்ம தர்ஷினி டோக்கன் கவுன்டருக்கு ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள்: கேஸ் 1 இட்லி, 2 வடை, 3 காபி, டிஃபால்ட்டில் (எந்த கேஸும் பொருந்தாவிட்டால்) 'தவறான எண்'. எந்த கேஸிலும் பிரேக் (ஸ்விட்ச்சை விட்டு வெளியேறும் கட்டளை) இல்லை. 2 அழுத்தினால் வடை வரும், அதோடு நிற்காமல் காபியும் வரும், கடைசியில் 'தவறான எண்' என்று திட்டும் விழும், ஏனென்றால் பொருந்திய கேஸுக்குள் நுழைந்த பிறகு சி அடுத்த கேஸின் எண்ணைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, பிரேக் வரும்வரை இறங்கிக்கொண்டே போகும். கம்பைலரும் இதைப் பிழை என்று சொல்லாது. ஜிசிசி (GCC) கம்பைலரில் -Wall என்ற எச்சரிக்கை ஆப்ஷனைப் போட்டாலும் கண்டுகொள்ளாது, -Wextra போட வேண்டும் (பதிப்பு 7 முதல்).

சில நேரம் இது வேண்டியதும்தான். சனி, ஞாயிறு இரண்டுக்கும் ஒரே 'விடுமுறை' என்றால் இரண்டு கேஸையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு ஒரே பிரேக் போதும்.

அப்புறம் ஒன்று, இன்டர்வியூவில் விரும்பிக் கேட்பது: வைல் லூப்புக்குள் இருக்கும் ஸ்விட்ச்சில் பிரேக் போட்டால் ஸ்விட்ச்சிலிருந்து மட்டும்தான் வெளியே வரும், லூப் பாட்டுக்குச் சுற்றும். ஆனால் அங்கேயே கன்டினியூ எழுதினால் அது நேராக லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.