கூண்டுக்குள் பெய்த மழை

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்தால் வெயிலைப் பார்க்க நாளாகும். போன வருஷம் குளிருக்குப் பயந்து கோழிக்கூண்டை நாலு பக்கமும் தார்ப்பாயால் இறுகக் கட்டினேன். ஒரே வாரத்தில் ஐந்து கோழிக்கும் வயிற்று இறகு திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. கதவைத் திறந்தால் கண் எரிச்சல். தகரத்தின் அடியில் முத்து முத்தாக நீர். மழை உள்ளே வரவில்லை, கோழிகளின் மூச்சும் எச்சமும்தான் அந்த ஈரம்.

கூரையை ஒட்டி ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி தார்ப்பாயை இறக்கிக் கட்டினேன். காற்று தலைக்கு மேலே போய்விடும், உறங்கும் கோழி மேல் படாது. நனைந்த உமியை அள்ளிவிட்டு மர இழைப்புச் சுருள் போட்டேன். இறகில் ஒட்டிய அழுக்கை வெந்நீர்த் துணியால் துடைத்து, கோழிகளை அடுப்படியில் காயவைத்தேன் (அதற்கு வாங்கிய திட்டு தனி). கோழிகள் மண்குளியல் போட, தாழ்வாரத்தில் பழைய டயருக்குள் காய்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும். முதல் நாளே கறுப்பி என்ற கோழி அதில் புரண்டு உதறியதில் என் ஸ்வெட்டர் வெளுத்துப்போனது.