முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது எப்படி?

திருகோணமலை கோணேசபுரி கம்பஸில் கணினி படிக்கும் பிள்ளைகளும் சரி, ஏ.எல் எழுதிவிட்டு வீட்டிலிருந்து புரோகிராமிங் பழகும் பிள்ளைகளும் சரி, ஓப்பன் சோர்ஸ் (கோட்டை எல்லோரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) என்றதும் கேட்பது இதைத்தான்: "எனக்கு அவ்வளவு கோட் எழுத வராதே, நான் என்னத்தைச் செய்ய?" முதல் பங்களிப்புக்குக் கோட் எழுதவே தேவையில்லை. ஒரு மென்பொருளைப் பாவித்து, அது எங்கே இடறுகிறது என்று பார்த்து, அதை மற்றவருக்கு விளங்கும்படி எழுதத் தெரிந்தால் தொடங்கலாம். புல் ரிக்வெஸ்ட் என்பது, நீங்கள் செய்த திருத்தத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அதன் பராமரிப்பாளரிடம் கேட்பது.

இது எங்கோ வெளிநாட்டுக்காரர்களின் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2004 டிசம்பர் சுனாமி நம் கரையை அடித்த சில நாட்களுக்குள் இலங்கைத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய மென்பொருள்தான் சஹானா. காணாமற்போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றின் விபரங்களை ஓரிடத்தில் வைத்திருக்க அதைச் செய்தார்கள். ஓப்பன் சோர்ஸாக இருந்ததால் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது உதவியது.

சரி, வேலைக்கு வருவோம். உலாவி ஒன்று போதும். கைப்பேசியிலும் முடியும், ஆனால் மடிக்கணினி கிடைத்தால் கண்ணுக்கும் விரலுக்கும் நல்லது.

கணக்குத் திறப்பது

பலர் சேர்ந்து மென்பொருள் எழுதும் இணையத்தளமான கிட்ஹப்பில் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் திறக்கலாம். பயனர் பெயரை யோசித்து வையுங்கள். பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதே பெயரைத்தான் காட்டப் போகிறீர்கள். உள்ளே போனதும் இரண்டு காரியங்கள். மின்னஞ்சல் அமைப்புகளில் முகவரியை மறைக்கும் தெரிவைப் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் செய்யும் கமிட்டோடு (சேமித்துப் பதியும் மாற்றம்) சேர்ந்து அதுவும் ஊருக்கே தெரியும். அடுத்தது, இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது. அதற்குத் தரும் மீட்புக் குறியீடுகளைக் கொப்பியில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும்.

எந்தத் திட்டம்?

'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கு ஏற்ற வேலை) என்ற லேபிளைத் தேடு என்று எல்லோரும் சொல்வார்கள். தேடலாம்தான். ஆனால் பிரபலமான திட்டங்களில் அந்த லேபிள் விழுந்த கையோடு நாலு பேர் "நான் செய்கிறேன்" என்று எழுதிவிடுவார்கள். அதைவிட, நீங்கள் தினமும் பாவிக்கிற ஒன்றை எடுப்பது நல்லது என்பது என் எண்ணம். நீங்கள் வீடியோ பார்க்கிற விஎல்சியும் ஓப்பன் சோர்ஸ்தான், கட்டுரை அடிக்கிற லிப்ரே ஆபீஸும் அப்படித்தான். ஆனால் அவை மிகப் பெரியவை. சின்னத் திட்டமென்றால் பதில் சொல்கிற மனிதரைக் கண்டுபிடிப்பது சுலபம்.

தெரிவு செய்யுமுன் கடைசிக் கமிட் எப்போது, மற்றவர்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்கள் மெர்ஜ் ஆகின்றனவா (திட்டத்தில் சேர்க்கப்படுகின்றனவா), உரிமக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடமாக ஆளரவம் இல்லாத ரிப்போவுக்கு (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) எவ்வளவு நல்ல திருத்தம் அனுப்பினாலும் கிணற்றில் போட்ட கல்தான். பங்களிப்பாளர்களுக்கான வழிகாட்டிக் கோப்பு இருந்தால் முழுக்க வாசியுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் வாசியுங்கள்.

முதலில் ஓர் இஷ்யூ

கண்ட பிழையைத் திட்டத்தின் பக்கத்தில் எழுதி வைக்கும் பதிவுதான் இஷ்யூ. தமிழ் தெரிந்த ஆளுக்கு மட்டுமே கண்ணில் படுகிற பிழைகள் உண்டு. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை என்பதில் ஆறு எழுத்து. பைத்தன் என்ற நிரல் மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் பத்து என்று வரும், ஏனென்றால் 'தி' என்பதை அது 'த' என்றும் இகரக் குறி என்றும் தனித்தனியாக எண்ணுகிறது. சிலவேளை பதினொன்று என்றும் வரும்! 'கோ'வில் இருக்கும் ஓகாரக் குறியை யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொது முறை) ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்று. ஆனால் தேடற்பெட்டிக்கு அவை வேறு வேறு சொற்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் இருக்கிற திருகோணமலையைக் கைப்பேசியில் அடித்துத் தேடினால் சிலவேளை அகப்படாமல் போவது இதனால்தான்.

இப்படி ஒன்றைக் கண்டால் "தமிழ் வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். பராமரிப்பாளருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒரு மாதிரி:

"பதிப்பு இன்னது, ஆண்ட்ராய்ட் இன்னது. பட்டியலில் திருகோணமலை இருக்கிறது. தேடற்பெட்டியில் அதே பெயரை அடித்தேன். ஒரு முடிவு வரவேண்டும், ஆனால் எதுவும் வரவில்லை. பட்டியலில் உள்ள சொல்லில் பதினொரு குறிகள், நான் அடித்ததில் பத்து. ஒப்பிடுமுன் இரண்டையும் யூனிகோட் என்.எஃப்.சி வடிவத்துக்கு மாற்றினால் சரிவரும் என்று நினைக்கிறேன்."

என்.எஃப்.சி என்பது இப்படி இரண்டு விதமாக எழுதக்கூடியதை ஒரே வடிவமாக்கும் முறை. இந்த மாதிரியை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். இலக்கணம் பிசகினாலும் யாரும் சிரிக்கப் போவதில்லை. செய்யறிவிடம் கொடுத்து மூன்று பக்கத்துக்கு நீட்டுவதுதான் பராமரிப்பாளர்களுக்கு எரிச்சல். எழுதுமுன் அதே பிழையை வேறு யாரும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று மூடிய இஷ்யூக்களிலும் தேடிப் பாருங்கள்.

திருத்தத்தை அனுப்புவது

முதல் தடவைக்கு விளக்கக் கோப்பில் ஒரு திருத்தம் நல்ல தெரிவு: வேலை செய்யாத இணைப்பு, விடுபட்ட நிறுவும் படி, பிழையான தமிழ் வரி. கிட்ஹப்பில் அந்தக் கோப்பைத் திறந்தால் பென்சில் படம் ஒன்று தெரியும். அதை அழுத்துங்கள். உங்களுக்கு அந்த ரிப்போவில் எழுத அனுமதி இல்லாததால், உங்கள் கணக்கில் ஒரு பிரதியை உருவாக்கச் சொல்லும். அதுதான் ஃபோர்க். அதில் எதைச் செய்தாலும் மூலத் திட்டத்துக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

திருத்தியதும் மாற்றத்தை முன்மொழியும் பொத்தான் வரும். கமிட் செய்தியில் "திருத்தினேன்" என்று விடாமல், எதை மாற்றினீர்கள், ஏன் என்று ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக உங்கள் மாற்றம் தெரியும். இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு சொல்லை மாற்றிய கோப்பில் நாற்பது வரி சிவப்பாக இருந்தால், எடிட்டர் எங்கோ இடைவெளிகளையும் மாற்றிவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்துவிட்டே புல் ரிக்வெஸ்டை உருவாக்குங்கள். விளக்கத்தில் உங்கள் இஷ்யூவின் எண்ணையும் போடுங்கள்.

கோடையே மாற்றப் போகிறீர்கள் என்றால் ரிப்போவைக் கணினிக்கு இறக்கி, ஓட்டிப் பார்த்து அனுப்பவேண்டும். அதற்கு கிட் என்ற கருவியின் கட்டளைகள் நாலைந்து பழகவேண்டும். அது இன்னொரு நாளைக்கு.

அனுப்பிய பிறகு

முதல் முறை அனுப்புகிறவரின் தானியங்கிச் சோதனைகள் பல திட்டங்களில் பராமரிப்பாளர் அனுமதித்தால்தான் ஓடும். "அனுமதிக்காகக் காத்திருக்கிறது" என்று கிடந்தால் உங்கள் பிழையல்ல. இதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து பார்ப்பவர்கள். இரண்டு கிழமை பொறுத்து, ஒரு தடவை மரியாதையாக நினைவூட்டலாம்.

"இதை இப்படி மாற்றுங்கள்" என்று பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள், வாசித்திருக்கிறார் என்று அர்த்தம். புதிதாக இன்னொரு புல் ரிக்வெஸ்ட் திறக்கவேண்டாம். உங்கள் ஃபோர்க்கில் அதே பிராஞ்சில் (உங்கள் திருத்தம் இருக்கும் கிளை) திருத்துங்கள், பழையது தானாகப் புதுப்பிக்கப்படும். வேண்டாம் என்று மூடிவிட்டாலும் காரணத்தைக் கேளுங்கள், சண்டை பிடிக்காதீர்கள். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு ஊக்கம் கொடுக்க ஒவ்வோர் ஒக்டோபரிலும் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்டில், 2020இல், பரிசான ஒரு டி-ஷர்ட்டுக்காக ஆளாளுக்கு அர்த்தமில்லாத திருத்தங்களை அனுப்பிக் குவித்தார்கள். அந்தத் தலையிடியில், விரும்பிச் சேரும் திட்டங்களை மட்டுமே கணக்கில் எடுப்பது என்று விதியையே மாற்றவேண்டி வந்தது. புதியவர்களைச் சிலர் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

மெர்ஜ் ஆனதும் அந்தப் பிராஞ்சை அழித்துவிடலாம். அடுத்த திருத்தத்துக்கு அதே ஃபோர்க்கைத் திறக்கும்போது முதலில் 'சிங்க் ஃபோர்க்' பொத்தானை அழுத்துங்கள். இடையில் மற்றவர்கள் செய்த மாற்றங்கள் உங்கள் பிரதிக்கு வந்து சேரும். பிறகு பென்சிலைத் தொடலாம்.