போட்டோ வேலைக்குக் கணினி: மானிட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் கல்யாணப் போட்டோ எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பிகள், புதுக் கணினி வாங்கியதும் என்னிடம் காட்ட வருகிறார்கள். நான் செய்த அதே தவறுகள் அவர்கள் மேசையிலும் இருப்பதைப் பார்க்கையில் மனம் தாங்கவில்லை. ராம் எவ்வளவு வேண்டும், எஸ்.எஸ்.டி. எதற்கு என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மீந்த பணத்தில் மானிட்டர்

கையிலிருந்ததில் பெரும்பகுதியைப் பிராசசருக்கும் விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டுக்கும் கொடுத்துவிட்டு, மீந்ததில் நான் வாங்கியது டி.என். எனப்படும் மலிவு வகை மானிட்டர். அவ்வகையில் பெரும்பாலானவை சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 6 பிட், அதாவது மொத்தம் 2,62,144 நிறங்களையே நேரடியாகக் காட்டும். 8 பிட் திரையோ சுமார் 1 கோடியே 67 லட்சம் காட்டும். அரிச்சல்முனையில் விடியலில் எடுத்த வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தபோது, நான் திரையை விட்டுவிட்டுக் கேமராவைச் சந்தேகித்தேன்.

அதைவிடப் பெரிய அடி ஒரு கல்யாண ஆல்பத்தில் விழுந்தது. மானிட்டரின் பிரகாசம் 100இல் இருந்ததால் படங்கள் வெளுத்துத் தெரிந்தன. நான் ஒவ்வொன்றையும் இருட்டாக்கிக்கொண்டே போனேன். அச்சிடும் லேபிலிருந்து வந்த ஆல்பத்தில் அரக்குப் பட்டு கறுத்து, மடிப்புகளும் கரையும் ஒன்றாகக் கலந்திருந்தன. பெண்ணின் தாயார் பக்கத்தைப் புரட்டாமல், முந்தானையின் மேல் விரலை வைத்து, "நாங்க எடுத்த சேலை இது இல்லையே தம்பி" என்றார். 40 பக்கங்களையும் என் செலவில் மறுபடி அச்சிட்டேன். அந்தத் தொகைக்கு நிறத்தை நன்றாகக் காட்டும் ஐ.பி.எஸ். வகை மானிட்டரே வாங்கியிருக்கலாம்.

ஆகவே எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான நிறப்பரப்பை (நிறங்களின் வரம்பை) முழுமையாகக் காட்டும் 8 பிட் ஐ.பி.எஸ். திரைக்கு முதலில் பணம் ஒதுக்கி, அதன் பிறகே மற்றவற்றைப் பாருங்கள். அச்சுக்கான வேலையென்றால் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் (ஒளியின் அலகு) வைத்து, திரையின் நிறத்தை அளக்கும் காலிபிரேட்டரால் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். அக்கருவியை நாலு ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்தே வாங்கலாம். கடலைப் பார்த்த சன்னலின் வெளிச்சம் திரையில் விழும்படி உட்கார்ந்தால் இவ்வளவும் வீண்.

இயங்குதளத்தை முதலில் தேர்ந்தெடுப்பது

எந்த மென்பொருளில் வேலை என்பதே முதல் கேள்வி, விண்டோஸா மேக்கா என்ற இயங்குதளக் கேள்வி அதன் பிறகே. போட்டோஷாப்பும் லைட்ரூமும் விண்டோஸ், மேக் இரண்டுக்கே வருகின்றன. டார்க்டேபிள், கிம்ப் என்ற இலவச மென்பொருள்கள் போதுமென்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும், பணமும் மிஞ்சும். பழைய கணினி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இன்டெல்லின் ஏழாம் தலைமுறை வரையிலான பெரும்பாலான பிராசசர்கள் விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் இல்லை.

ஒரே டிஸ்க்

படங்களை ஒரே டிஸ்கில் மட்டும் வைக்காதீர்கள்: இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகள்.

உப்புக் காற்று

கடலின் உப்புக் காற்று படும்படி கேபினெட்டை, அதாவது கணினிப் பெட்டியை, சன்னலோரத்தில் வைக்காதீர்கள்.