ரொட்டி விலையிலிருந்து பிரெஞ்சுப் புரட்சி: முதன்முறை படிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

நெசவு ஊரான சென்னிமலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வரலாறு படிக்க வருவார்கள். ஒன்பதாவது படிக்கிறவர்களும் உண்டு, குரூப் 2 எழுதப் போகிறவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்கு என்ன காரணம் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி ஒப்பிப்பார்கள்: அரசியல், சமூகம், பொருளாதாரம், சிந்தனையாளர்கள். நான்கும் சரிதான். ஆனால் ஒன்று மற்றொன்றை எப்படி இழுத்து வந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அந்த இழுப்பு பிடிபட்டால் பாடம் மறக்கவே மறக்காது. அதற்கு நாங்கள் செய்கிற முறை இது. ஒரு பெரிய வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தேதிக் கோடு

தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டு ஏழு தேதிகளை மட்டும் குறியுங்கள். 1774, பதினாறாம் லூயி பட்டத்துக்கு வருகிறார். 1789 மே 5, குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பேரவை, பாரிஸுக்கு அருகே அரசரின் அரண்மனை இருந்த வெர்சாயில் கூடுகிறது. ஜூலை 14, பாரிஸில் சிறையாக இருந்த பாஸ்டில் கோட்டை மக்கள் கையில் விழுகிறது. 1792 செப்டம்பர், முடியாட்சி ஒழிகிறது. 1793 ஜனவரி 21, அரசரின் தலை துண்டிக்கப்படுகிறது. 1794 ஜூலை, புரட்சி அரசை நடத்திய தலைவர் ரோபஸ்பியருக்கும் அதே கதி. 1799 நவம்பர், நெப்போலியன் ஆட்சியைப் பிடிக்கிறார். இப்போதைக்கு இது போதும்.

இரண்டாம் படி: காரணங்களைக் கோப்பது

இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஒரு சங்கிலி, கீழே ஒரு சங்கிலி.

மேல் சங்கிலி அரண்மனையுடையது. இங்கிலாந்துக்கு எதிராக அமெரிக்கர்களுக்கு உதவப் போய் பிரான்ஸ் பெருங்கடன் வாங்கியது. 1788 வாக்கில் அரசு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி கடனுக்கே போனது. வரியைக் கூட்டலாம் என்றால், நிலமும் செல்வமும் வைத்திருந்த பிரபுக்களுக்கும் குருமாருக்கும் பெரும்பாலான வரிகளில் விலக்கு. அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் 1614க்குப் பிறகு கூட்டாமலே விட்டிருந்த பேரவையை அரசர் கூட்டினார்.

கீழ்ச் சங்கிலி அடுப்படியில் தொடங்குகிறது. 1788 ஜூலை 13 அன்று, அறுவடைக்கு நின்ற கோதுமையை ஆலங்கட்டி மழை அடித்துப் போட்டது. பின்னாலேயே கடும் குளிர்காலம். பாரிஸ் கூலிக்காரர் நல்ல நாளிலேயே கூலியில் பாதியை ரொட்டிக்குக் கொடுத்தவர். இப்போது மிச்சப் பாதியும் அதற்கே போகத் தொடங்கியது. அப்புறம் துணி யார் வாங்குவார்கள்? 1786 வணிக ஒப்பந்தத்தால் இங்கிலாந்தின் மலிவான பருத்தித் துணி ஏற்கெனவே உள்ளே வந்துகொண்டிருந்தது. தறிகள் நின்றன.

இந்த இடத்தைச் சென்னிமலைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கியதே இல்லை, அவர்கள்தான் எனக்கு விளக்குவார்கள். விலைவாசி ஏறினால் வீட்டில் முதலில் தள்ளிப்போடுவது போர்வையும் ஜமுக்காளமும்தான். அடுத்து தறிக்குப் பாவு வருவது குறையும். அதற்கடுத்து நெசவு வீட்டில் கடைப் பாக்கி ஏறும். மழை, ரொட்டி, துணி, வேலை என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு சங்கிலியும் 1789 கோடையில் முட்டும். பாரிஸில் ரொட்டி விலை உச்சத்தில் இருந்ததும் பாஸ்டில் விழுந்ததும் ஏறக்குறைய ஒரே நாட்களில்தான்.

மூன்றாம் படி: மக்கள் எழுதிய மனுக்கள்

பேரவை கூடும் முன்பு ஊர் ஊராகக் குறைகளை எழுதித் தரச் சொன்னார்கள். நம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கிறோமே, அதையே ஒரு நாடு முழுக்கச் செய்தது மாதிரி. உப்பு வரி, விளைச்சலில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தரும் தசமபாகம் இவற்றோடு புறாவும் அதில் வருகிறது! மாடப்புறா வளர்ப்பது பல இடங்களில் பிரபுவின் உரிமை. விதைத்த தானியத்தை அது தின்றாலும் குடியானவர் அதைத் தொடக்கூடாது. காங்கயம், தாராபுரம் பக்கம் மயில் இறங்கிய காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும். இங்கே மயிலைக் காப்பது எல்லோருக்குமான சட்டம், அங்கே புறாவைக் காத்தது ஒருவரின் பிறப்புரிமை. அந்த வித்தியாசத்தையும் தாளில் எழுதுங்கள். 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் சலுகைகளை ஒழிக்க முடிவெடுத்தபோது புறாக்கூட்டு உரிமையும் சேர்ந்தே போனது.

ஒரு எச்சரிக்கை. ஜூலை 14 அன்று லூயி தன் டைரியில் "ஒன்றுமில்லை" என்று எழுதியதைக் காட்டி, அவருக்கு நாட்டு நடப்பே தெரியாது என்பார்கள். அந்த டைரி பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. அன்றைக்கு வேட்டையில் ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எந்தச் சான்றையும் அது எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: விளைவு யாருக்கு?

நல்ல விளைவு, கெட்ட விளைவு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டாம். ஆட்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே கேளுங்கள். குடியானவருக்குப் பிரபுவின் பிடி விட்டது. பெண்களுக்கு? 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்துபோய் அரசரையே பாரிஸுக்குக் கூட்டிவந்தவர்கள் அவர்கள். ஆனால் 1793இல் பெண்கள் சங்கங்களைத் தடை செய்தார்கள், ஓட்டுரிமை 1944இல்தான் வந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கனக்கும். அப்போது பிரான்ஸின் காலனியாக இருந்த ஹைட்டியின் அடிமைகள் 1791இல் தாங்களே கிளர்ந்தார்கள். 1794இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது, 1802இல் நெப்போலியன் அதை மறுபடி கொண்டுவந்தார், 1804இல் ஹைட்டி தனி நாடானது.

ஐந்தாம் படி: கோட்டை நம் ஊர் வரை நீட்டுவது

1788இல் கோயமுத்தூர்ச் சீமை திப்பு சுல்தானின் கையில் இருந்தது. அந்த ஆகஸ்டில் திப்புவின் தூதர்கள் வெர்சாயில் லூயியைப் பார்த்துப் படையுதவி கேட்டார்கள். மரியாதை பலமாக நடந்தது, படை வரவில்லை. அதே மாதம்தான் பிரெஞ்சுக் கஜானா பணம் கொடுப்பதை நிறுத்தியது. மேல் சங்கிலியில் இந்தச் செய்தியை மாட்டுங்கள்.

அப்புறம் 1798. நெப்போலியன் எகிப்தில் இறங்குகிறார். அங்கிருந்து திப்புவோடு கைகோத்துவிடுவார் என்ற பயம் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லிக்கு. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார், கோயமுத்தூர்ச் சீமை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. திப்புவுக்குத் துணை நின்ற தீரன் சின்னமலை அதற்கப்புறமும் கம்பெனியோடு மோதினார். 1805இல் அவரைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். பாஸ்டிலில் தொடங்கி ஸ்ரீரங்கப்பட்டணம் வழியாகச் சங்ககிரி வரை பென்சிலை எடுக்காமல் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணத்தை உங்கள் வார்த்தையில் ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு அந்த வரிகளை வைத்துத்தான் பேசப் போகிறோம்.