தினமும் பாக்குற இடத்தையே போட்டோ எடுக்குறது எப்படி

புது ஊருக்குப் போனா எல்லாருமே கேமராவ கையில எடுத்துருவோம், ஆனா பல வருஷமா ஏறி இறங்குற மாடிப்படிய ஒரு தடவகூட எடுத்திருக்க மாட்டோம், ஏன்னா அதுல என்ன இருக்குன்னு நமக்கே தெரியும்னு நினைப்பு. நானும் அப்படித்தான் இருந்தேன். கேமராவுல எடுத்து இன்னைக்கும் மிஞ்சியிருக்குற போட்டோலயே ரொம்பப் பழசு எதுன்னு பாத்தா, பிரான்ஸ்ல நீப்ஸ்ங்கிறவர் 1826-27 வாக்குல தன் வீட்டு மாடி ஜன்னல்ல இருந்து எடுத்ததுதான். பக்கத்துக் கூரை, சுவரு, அவ்வளவுதான். பல மணி நேரம் எக்ஸ்போஷர் வச்சதால, அதாவது வெளிச்சத்த கேமராக்குள்ள விட்டுக்கிட்டே இருந்ததால, வெயில் ரெண்டு பக்கமும் விழுந்த மாதிரி இருக்கும். அதனால இடத்தத் தேடி அலையாதீங்க.

முதல்ல ஒரே ஒரு இடத்த முடிவு பண்ணுங்க. தெரு மூலையோ ஜன்னலோ படிக்கட்டோ, எப்பவும் கடந்து போற இடமா இருந்தா போதும். முதல் ரெண்டு மூணு நாள் கேமராவே வேணாம், காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ நின்னு வெளிச்சம் எங்க விழுது, எப்ப போகுதுன்னு மட்டும் பாருங்க. மார்ச்லயும் செப்டம்பர்லயும் சூரியன் நேர் கிழக்குல உதிக்கும், ஜூன் வரைக்கும் வடக்கால நகரும், அப்புறம் திரும்பி டிசம்பர் வரைக்கும் தெற்கால போகும், அதனால வருஷத்துல சில வாரம் மட்டுமே வெயில் எட்டிப் பாக்குற சந்துகூட இருக்கும், அத நீங்க தற்செயலா கண்டுபிடிக்கிறப்ப வர்ற சந்தோஷமே தனி.

செட்டிங் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம். போன்னா மெயின் கேமரா கொஞ்சம் அகலமாத்தான் காட்டும், 2எக்ஸ் வச்சுப் பாருங்க, வேண்டாதது வெளிய போயிரும். ஸ்கிரீன்ல வெளிச்சமான இடத்துல விரல அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக் ஆகும், அப்புறம் வெளிச்சத்த கொஞ்சம் கீழ இறக்குங்க, நிழல் நிழலாவே இருக்கட்டும். கேமரான்னா 50 எம்எம் லென்ஸ், ஏபிஎஸ்-சிங்கிற கொஞ்சம் சின்ன சென்சாரா இருந்தா 35 எம்எம். கையில பிடிச்சு எடுக்குறப்ப ஷட்டர் வேகம் 1/60 செகண்டவிட மெதுவா போக விடாதீங்க, படம் கலங்கிரும். ஒயிட் பேலன்ஸ, அதாவது படத்தோட நிறச் சாயல சரிபண்ற செட்டிங்க, ஆட்டோல விடாம சூரியன் படம் போட்ட மோடுல, அதாவது சுமாரா 5500 கெல்வின்ல நிறுத்திருங்க. ஆட்டோல விட்டா காலை மஞ்சளையும் மழை நாள் நீலத்தையும் அதுவே சரிபண்ணிக் குடுத்துரும், அப்புறம் எந்த நாளப் பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும், நாம எடுக்க நினைச்சதே அந்த வித்தியாசத்தத்தானே.

ஒரே இடத்துல நின்னு, ஒரே உயரத்துல, வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுங்க. மூணாவது நாலாவது வாரம் சலிப்பு வரும், கண்டிப்பா வரும், அங்கதான் நிறைய பேர் விட்டுருவாங்க. விடாதீங்க, மனசுல முன்னாடியே இருந்த படமெல்லாம் அதுக்குள்ள தீந்து போயிருக்கும், அதுக்கப்புறம்தான் எதிர்ல இருக்குறது கண்ணுல படும். யோசப் சூடெக்னு ஐரோப்பால ப்ராக் நகரத்துல ஒரு போட்டோகிராஃபர், முதல் உலகப் போர்ல வலது கைய இழந்தவர், 1940ல இருந்து 1954 வரைக்கும் தன் ஸ்டுடியோ ஜன்னல எடுத்துக்கிட்டே இருந்தார். கண்ணாடில பனி படிஞ்சா ஒரு படம், தண்ணி வழிஞ்சா இன்னொரு படம்.

எடுத்த அன்னைக்கே ரெண்டு வரி எழுதி வைங்க. தேதி, நேரம், ஷட்டர் எல்லாத்தையும் ஃபைலே வச்சிருக்கும், ஏன் அங்க நின்னீங்கங்கிறத அது வச்சிருக்காது. "அழகா இருந்துச்சு"ன்னு எழுதாதீங்க, என்ன சத்தம் கேட்டுச்சு, யார நினைச்சுக்கிட்டு இருந்தீங்க, அத எழுதுங்க. அப்புறம், தெரியாதவங்க முகம் ஃப்ரேம்ல வந்தா கேட்டுட்டு எடுங்க.

எனக்கு இது புரிஞ்சது எங்க வீட்டு மாடிப்படியிலதான். காலை வெயில் சுவர ஒட்டி சாய்வா விழுந்தா சின்ன மேடு பள்ளம்கூட எழும்பித் தெரியும். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ எடுத்துட்டு பெருசு பண்ணிப் பாக்குறேன், திருப்பத்துல தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழ ஒரு கை அகலத்துக்கு மட்டும் சுவரு வழவழன்னு தேஞ்சு மின்னுது. எங்கம்மா முட்டி வலியோட தினமும் அங்க கை ஊணி நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் மேல வருவாங்க, நான் பக்கத்துலயே ஓடி ஏறியிருக்கேன், ஒரு நாளும் கவனிச்சதில்ல. அன்னைக்கு நோட்டுல எழுதுனது ஒரே வரி, "அம்மா நிக்கிற இடம்".

போன மாசம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க முடிவாச்சு. முந்தின நாள் காலைல வெயில் அந்தத் திருப்பத்துக்கு வர்ற வரைக்கும் அதே படியில நின்னேன். அம்மாவ கூப்பிட்டு எப்பவும் போல கை வைக்கச் சொல்லி ஒரு படம், அவங்க கைய எடுத்ததும் வெறும் சுவர இன்னொரு படம் எடுத்தேன்.